சந்தைக்குப் போகும் கூடையும் வீட்டுக்கு வரும் பக்கற்றும்



விடியற்காலையில் சுன்னாகம், மருதனார்மடம், கிளிநொச்சி முதலிய சந்தைகளுக்குச் செல்லும் வீதியோரத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். மோட்டார்ச் சைக்கிளின் பின்னே கத்தரிக்காயும் பயற்றங்காயும் கீரைக்கட்டும் ஏற்றப்பட்டுச் சந்தைக்குப் போகின்றன. இரண்டு மணி நேரம் கழிய அதே மோட்டார்ச் சைக்கிள் திரும்பி வருகின்றது. அதன் கைபிடியிலே தொங்கும் பையில் இருப்பவை யாவை? நூடில்ஸ் பக்கற்று நான்கு. கிறீம் விசுக்கோத்து இரண்டு. நிறமூட்டிய இனிப்புப் பானம் ஒரு போத்தல். பாண் இரண்டு இறாத்தல். அன்று காலை பறித்த மரக்கறியை விற்று, அதனிலும் சத்துக் குறைந்த பொருளை, நிறைக்கு நிறை அதனிலும் கூடிய விலை கொடுத்து வாங்கி வருகின்றோம். நெல் விளைவிப்போர் நிலையும் இதுவே. அறுவடை இயந்திரம் வயலை விட்டு வெளியேறுமுன் நெல் முழுவதும் ஈரத்தோடு வியாபாரியின் லொறியில் ஏறிவிடுகின்றது. ஒரு மாதம் செல்லுமுன் அந்தக் குடும்பமே கடையில் வெள்ளைப் பச்சையரிசி வாங்குகின்றது.

நீரிழிவும் குருதி அமுக்கமும் பட்டணத்தாருக்கே உரிய நோய்கள் என்று ஒரு காலத்திலே கருதப்பட்டன. இன்று கிராமத்து மருத்துவமனைகளின் கிளினிக் நாட்களில் வரிசையிலே நிற்பவர்களுள் மண்வெட்டி பிடித்த கைகள் பல உண்டு. ஆதலால் பயிரைப் பற்றிப் பேசுவது போலவே, அப்பயிரை விளைவிப்போர் உண்ணும் உணவைப் பற்றியும் பேசவேண்டியது அவசியமாகின்றது.

பதனிடுதல் எல்லாம் தீமையன்று

முதலில் ஒரு தடுமாற்றத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். பதனிட்ட உணவு யாவும் தீயது, பச்சையாகக் கிடைப்பது யாவும் நல்லது என்று கூறுவது பொருந்தாது. நெல்லைப் புழுக்குவதும், மோரிலே மிளகாயை ஊறவைத்து உலர்த்துவதும், மீனைக் கருவாடாக்குவதும், பாலைத் தயிராக உறையவைப்பதும் பதனிடும் முறைகளே. கெட்டுப்போகும் பொருளைக் கெடாமற் காக்கும்பொருட்டு நம் முன்னோர் அவற்றைக் கையாண்டனர். 1970களில் இந்நாட்டில் ஆரம்பிக்கப்பட்டு, சோளத்தையும் சோயா அவரையையும் கொண்டு தாய்மாருக்கும் சிறுவருக்கும் வழங்கப்பட்ட திரிபோஷாவும் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட உணவுதான். அதனைக் குறைகூற இடமில்லை.

பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்ரெய்ரோ என்பவரும் அவருடைய குழுவினரும் 2009ஆம் ஆண்டு முதல் இதனை வகைப்படுத்திக் காட்டியுள்ளனர். பதனிடாத அல்லது சிறிதளவே பதனிட்ட உணவு ஒரு வகை. எண்ணெய், சீனி, உப்பு ஆகிய சமையற் சேர்க்கைகள் இன்னொரு வகை. இவ்விரண்டையும் சேர்த்து ஆக்கிய சாதாரண பதனிட்ட உணவு மூன்றாவது. நான்காவது வகையை அவர்கள் மிகைப்பதனிட்ட உணவு என்றனர். மூலப்பொருளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, மாப்பொருளையும் எண்ணெயையும் சீனியையும் மீண்டும் கூட்டி, சுவையூட்டியும் நிறமூட்டியும் சேர்த்து உருவாக்குவது அது. இதனை அறிந்துகொள்ள நூலறிவு வேண்டியதில்லை. பக்கற்றின் பின்புறத்திலுள்ள சேர்மானப் பட்டியலை வாசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுச் சமையலறையில் ஒருபோதும் இராத பெயர்கள் வரிசையாக வருமாயின், அது பெரும்பாலும் நான்காவது வகையைச் சேர்ந்தது என்று கொள்ளலாம்.

இவ்வகை உணவு உடலிலே என்ன செய்கின்றது என்பதற்கு ஒரு பரிசோதனையைக் கூறுவோம். 2019ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்தைச் சேர்ந்த கெவின் ஹோல் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அதன் முடிவை வெளியிட்டனர். 20 பேரை நான்கு வாரம் நிலையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகைப்பதனிட்ட உணவும் இரண்டு வாரம் பதனிடாத உணவும் கொடுத்தனர். முன்வைத்த உணவில் மொத்தக் கலோரியும் சீனியும் கொழுப்பும் உப்பும் நாரும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்திருந்தன. விரும்பிய மட்டும் உண்ணலாம் என்பது விதி. மிகைப்பதனிட்ட உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டனர். அஃது ஏறக்குறைய இரண்டரைக் கோப்பைச் சோற்றுக்குச் சமம். இரண்டு வாரத்தில் அவர்களுடைய நிறை சுமார் 0.9 கிலோகிராம் கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தது. மென்மையான பக்கற்று உணவை அவர்கள் விரைவாகவும் விழுங்கினர். வயிறு நிறைந்தது என்பதை உடல் உணருமுன் தட்டு வெறுமையாகிவிடுகின்றது போலும்.

கோழி கற்பித்த பாடம்

நெற்செய்கையாளர் தம் தொழிலோடு தொடர்புடைய வரலாறு ஒன்றை அறிந்திருத்தல் நன்று. 1880களின் பிற்பகுதியில் ஒல்லாந்த மருத்துவராகிய கிறிஸ்தியான் எயிக்மன், இன்று ஜகார்த்தா என வழங்கும் பத்தேவியாவிலே பணியாற்றினார். கால்கள் மரத்து, நடை தளர்ந்து, இருதயம் வீங்கி மக்கள் மடியும் பெரிபெரி என்னும் நோயை ஆராய்வது அவருடைய வேலை. கிருமியே காரணம் என்று அவரும் நம்பியிருந்தார். அவர் வளர்த்த கோழிகளுக்கும் அதே போன்ற கால் முடக்கம் கண்டது. சில மாதங்களின் பின் கோழிகள் தாமாகவே குணமடைந்தன. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் எஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு சிலகாலம் அக்கோழிகளுக்கு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் அரிசியை வெளிக் கோழிகளுக்குக் கொடுப்பதற்கு இணங்கவில்லை. கோழிகளுக்கு மீண்டும் தவிடு நீங்காத மலிவான அரிசி கிடைத்தது. நோயும் நீங்கியது. பின்னர் அந்தத் தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து தயமீன், அதாவது உயிர்ச்சத்து பி1, எனத் தெளிவாயிற்று. 1929ஆம் ஆண்டில் எயிக்மனுக்கு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. சமையற்காரரின் பெயரை உலகம் அவ்வளவாக நினைவு வைத்திருக்கவில்லை.

இதனை உங்கள் ஆலையிலே பொருத்திப் பாருங்கள். 100 கிலோகிராம் நெல்லில் ஏறத்தாழ 20 கிலோகிராம் உமி. அடுத்து வரும் தவிடு 8 முதல் 10 கிலோகிராம். நிறையைப் பார்த்தால் தவிடு சிறியதே. ஆயினும் அரிசியின் தயமீனில் பெரும்பகுதியும், நாரிலும் எண்ணெயிலும் கனிப்பொருளிலும் பெரும்பங்கும் அந்தத் தவிட்டிலும் முளையிலுமே அடங்கியுள்ளன. நன்றாகத் தீட்டிய பச்சையரிசியில் தயமீன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதியே எஞ்சும். எஞ்சியவை கோழித்தீனாகவும் மாட்டுத்தீனாகவும் போகின்றன. நம் பசு உண்பது சத்து. நாம் உண்பது மா.

வெள்ளை அரிசிக்கு ஒரு நியாயமும் உண்டு. தவிட்டிலுள்ள எண்ணெய் காலம் செல்லக் காறலடையும். ஆதலால் தவிடு நீக்கிய அரிசி கடையிலே நெடுநாள் கெடாது. வியாபாரிக்கு அது வசதி. நெல்லையே வீட்டில் வைத்திருக்கும் கமக்காரருக்கு அந்த வசதி தேவையில்லை. வேண்டியபோது வேண்டிய அளவு குற்றிக்கொள்ளலாம்.

புழுக்கல் அரிசியின் சிறப்பும் இங்கே விளங்கும். நெல் ஊறி அவியும்போது தவிட்டிலுள்ள பி வகை உயிர்ச்சத்துகளில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே ஊடுருவிப் படிகின்றது. பின்னர் தீட்டினாலும் அது முழுவதும் நீங்காது. பச்சையரிசிச் சோற்றோடு ஒப்பிடும்போது புழுக்கல் அரிசிச் சோறு குருதியிற் சீனியை ஏற்றும் வேகமும் பொதுவாகக் குறைவு. நீரிழிவுள்ளோர் அளவையும் கவனிக்கவேண்டும் என்பதை மறத்தலாகாது. புழுக்கல் என்று சொல்லி மூன்று தட்டு உண்பது மருந்தாகாது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய சிவப்பு நெல்லினங்களை ஒரு சிறு வரவையிலேனும் வீட்டுத் தேவைக்கென விதைப்பவர்கள் இன்றும் உளர். அவர்களைப் பழைமைவாதிகள் என்று நகைத்தல் வேண்டாம்.

கோதுமை மா வந்த கதை

பாணும் றொட்டியும் நம் காலை உணவான வரலாறு நீண்டதன்று. 1942ஆம் ஆண்டில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. அக்காலத்தில் இலங்கை உண்ட அரிசியிற் பாதிக்கு மேற்பட்டது பிறநாட்டிலிருந்து வந்தது. பங்கீட்டு முறை வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. போர் முடிந்தது, மா முடியவில்லை. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி அற்றுப்போய்க் கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது, வீட்டில் நெல் வைத்திருந்தவர்கள் அடுப்பு மூட்டினார்கள். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். கோதுமை இந்நாட்டு வயலிலே விளைவதன்று. அதனை நம்பியிருக்கும் சமையலறை கப்பலை நம்பியிருக்கும் சமையலறையாகும்.

நூடில்ஸ் பக்கற்றும் பயறும்

உடனடி நூடில்ஸ் 1958ஆம் ஆண்டில் யப்பானில் மொமோஃபுக்கு ஆண்டோ என்பவராற் சந்தைக்கு விடப்பட்டது. மாவை இழையாக்கி, அவித்து, எண்ணெயிலே பொரித்து ஈரத்தைப் போக்குவதே அதன் முறை. பொரித்தமையால் அது விரைவில் வேகும். எண்ணெயும் அதிலே தங்கும். அதனை நஞ்சு என்போர் உளர். அது மிகையான கூற்று. அவசரத்துக்கு ஒருநாள் உண்பதனால் எவரும் நோயாளியாகிவிடமாட்டார். ஆயினும் நாள்தோறும் அதுவே பிள்ளையின் காலை உணவாகும்போது, கணக்குப் பார்க்கவேண்டும். வளர்ந்த ஒருவர் ஒரு நாளைக்கு உண்ணத்தக்க உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் ஆலோசனை. பல நூடில்ஸ் பக்கற்றுகளில், சுவைத்தூளோடு சேர்த்து, அதிற் பாதியோ அதற்கு மேலோ உள்ளது. சிறு பிள்ளைக்கு உரிய அளவு இன்னும் குறைவு.

அதே பணத்துக்குச் சந்தையிலே பயறோ கௌபியோ வாங்கி, இரவில் ஊறவைத்து, காலையில் அவித்துத் தேங்காய்ப்பூவோடு கொடுத்துப் பாருங்கள். புரதமும் நாரும் இரும்பும் பிள்ளையின் உடலிற் சேரும். நண்பகல் வரை பசி தாங்கும். குரக்கன் பிட்டும் அத்தகையதே. 100 கிராம் குரக்கனிலே 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணச்சத்து உண்டு. தானியங்களுள் அதற்கு நிகர் இல்லையென்றே கூறலாம். பிள்ளை நூடில்ஸ்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கும் நாளும் வரும். அன்று சுவைத்தூளிற் பாதியை எறிந்துவிட்டு, ஒரு பிடி முருங்கையிலையும் ஒரு முட்டையும் சேர்த்துச் சமைத்தால் போரும் முடியும், சத்தும் சேரும்.

இனிப்புப் பானத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி என்று குறிக்கப்பட்ட 400 மில்லிலீற்றர்ப் போத்தலில் 40 கிராம் சீனி உண்டு. எட்டுத் தேக்கரண்டிக்கு மேல். 2016ஆம் ஆண்டு முதல் பானப் போத்தல்களிலே சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறியீடு இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு மிகுதியையும், செம்மஞ்சள் நடுத்தரத்தையும், பச்சை குறைவையும் காட்டும். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் நிறம் தெரியும். வயல் வேலையிடையே தாகம் தீர்க்க மோருக்கும் இளநீருக்கும் தேசிக்காய்த் தண்ணீருக்கும் ஈடில்லை.

வீட்டுக்கு ஒரு பாத்தி, சந்தைக்கு ஒரு பாத்தியா?

பக்கற்று உணவைக் குறைகூறும்போது நம் பக்கத்துக் குற்றத்தை மறைத்தல் நேர்மையன்று. இயற்கை உணவு, புதிய மரக்கறி என்று நாம் பெருமையாகக் கூறுகின்றோம். நேற்று மாலை மருந்து தெளித்த கத்தரிக்காயை இன்று காலை சந்தையிலே வைத்தால், அது எவ்வகையிலே இயற்கை உணவாகும்? சில தோட்டங்களில் வீட்டுத் தேவைக்கென மருந்து படாத பாத்தி ஒன்று தனியே இருக்கக் காண்கின்றோம். அப்பாத்தியை வைத்திருப்பவருக்கு உண்மை தெரியும் என்பதே அதன் பொருள். வாங்கி உண்பவரின் பிள்ளையும் பிள்ளையே.

ஒவ்வொரு பீடைநாசினியின் சுட்டுத்துண்டிலும், இறுதியாகத் தெளித்த பின் அறுவடைக்குக் கழியவேண்டிய நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. சிலவற்றுக்கு அது சில நாள். சிலவற்றுக்கு இரண்டு வாரமும் ஆகும். பறித்துக்கொண்டே தெளிக்கவேண்டிய கத்தரி, பயற்றை, வெண்டி போன்ற பயிர்களுக்கு அந்த இடைவெளி குறைந்த மருந்தையே, அதுவும் பீடை உண்மையில் மிகுந்தபோது மாத்திரம், பாவித்தல் வேண்டும். தெளித்த நாளைச் சுவர்க் கலண்டரிலே குறித்து வையுங்கள். கீரை வகைக்கு மருந்தே வேண்டாம். பூச்சி கடித்த இலையைக் கழித்துவிட்டால் போதும்.

நேரம் எங்கே என்பார்க்கு

காலை ஐந்து மணிக்கு நாற்று நடவோ வெங்காயம் கிண்டவோ செல்லும் தாய்க்கு இடியப்பம் பிழிந்து சொதி வைக்க நேரமேது? இக்கேள்வி நியாயமானது. பக்கற்று உணவு நம் வீட்டுக்குள் நுழைந்த வாசல் இதுவே. ஆயினும் நம்மிடமும் விரைவு உணவு உண்டு. பழஞ்சோற்றுக்கு அடுப்பே வேண்டாம். இரவு ஆக்கிய சோறு ஆறியவுடன் கொதித்தாறிய நீரை ஊற்றி மூடி வைத்து, விடிந்ததும் மோரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து உண்டால் மதியம் வரை வேலை செய்யலாம். சோற்றை நெடுநேரம் சூட்டோடு திறந்து வைத்தலும், பழஞ்சோற்றை நண்பகல் வரை வைத்திருத்தலும் ஆகா. வயிற்றுக் கோளாறு உண்டாகும். இலைக்கஞ்சிக்கு அரை மணி நேரம் போதும். வறுத்த குரக்கனும் பயறும் உழுந்தும் கலந்து திரித்த மா வீட்டில் இருந்தால், வெந்நீரும் சர்க்கரையும் சேர்த்து ஐந்து நிமிடத்திற் பிள்ளையின் பசியாற்றலாம். வாரத்தில் ஒருநாள் கணவனும் சேர்ந்து திரித்தால் வேலையும் இலகுவாகும். சமையலறை மனைவியின் தனி வயல் என்று எந்தக் கமநலச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

ஒதுக்கவேண்டிய அளவு

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 500 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட அரிசி வேண்டும். அதற்கு ஏறத்தாழ 800 கிலோகிராம் நெல், அதாவது ஏறக்குறைய 38 புசல் தேவை. மூன்று புசல் கொண்ட மூடையாற் கணித்தால் 12 அல்லது 13 மூடை. இரண்டு போகமும் செய்பவர் போகத்துக்கு ஆறு அல்லது ஏழு மூடை ஒதுக்கினால் போதும். கடன்காரரும் உரக்கடைக்காரரும் களத்திலே காத்திருக்கும்போது இது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆனாலும் அறுவடை விலையிலே நெல்லை விற்று, பின்னர் ஏறிய விலையிலே அரிசி வாங்குவது அந்தக் கடனை மேலும் வளர்ப்பதாகும். முழுவதும் இயலாவிடில் மூன்று மூடையேனும் முதலில் ஒதுக்குங்கள்.

ஒதுக்கிய நெல்லை இரண்டு மூன்று நாள் வெயிலிற் காயவைத்து, ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாமற் பார்த்துக்கொள்ளவேண்டும். பல்லிடையே வைத்துக் கடித்தால் மணி நசியாமல் 'டக்' என்று முறியவேண்டும். மூடைகளை நிலத்திலும் சுவரிலும் படாமல் பலகையின்மேல் அடுக்குக. புழுக்கும்போது நெல்லைக் குளிர்ந்த நீரில் ஊறவைப்பதாயின் நாள்தோறும் நீரை மாற்றுதல் வேண்டும். இல்லையேல் சோற்றிலே புளித்த மணம் வீசும். உமி இலேசாக வாய் பிளக்கும் வரை ஆவியில் அவித்து, முதலில் வெயிலிலும் பின்னர் நிழலிலும் உலர்த்தினால் குருணை குறையும். ஆலைக்காரரிடம் மெல்லத் தீட்டும்படி கேளுங்கள். வெண்மையாக வரவில்லையே என்று அவர் கவலைப்பட்டால், அதுவே வேண்டும் என்று சொல்லுங்கள். அரிசியைப் பலமுறை பிசைந்து கழுவுவதும், வடித்த கஞ்சியை ஊற்றிவிடுவதும் காத்த சத்தைக் கையாலே எறிவதற்கு ஒப்பாகும்.

கிணற்றடித் தோட்டம்

நாளொன்றுக்கு ஒருவர் 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு கூறும் அளவு. மரக்கறிச் செய்கையாளர் வீடுகளிலேயே இந்த அளவு பலவேளை எட்டுவதில்லை. நல்லது சந்தைக்கும், விற்காமல் மிஞ்சியது வீட்டுக்கும் என்ற வழக்கமே காரணம். கிணற்றடியில் வழிந்தோடும் நீர் ஒன்றே ஒரு குடும்பத்தின் கீரைத் தேவையைத் தீர்க்கும். அந்நீர் செல்லும் வாய்க்காலோரம் பொன்னாங்காணியும் வல்லாரையும் வையுங்கள். சவர்க்கார நீர் அங்கே சேராதபடி துணி துவைக்கும் கல்லைச் சற்று விலக்குங்கள். வேலியிலே முருங்கையும் அகத்தியும் முசுட்டையும் படரும் பசளியும் நிற்கட்டும். மூன்று பப்பாசி, ஒரு தேசி, ஒரு கறிவேப்பிலை, இடமிருந்தால் ஒரு நெல்லியும் கொய்யாவும் போதும்.

கீரையைக் கழுவிய பின் நறுக்குக. நறுக்கிய பின் கழுவினால் சத்து நீரோடு போகும். சிறிது நேரமே வேகவைத்து, தேங்காய்ப்பூவோ பாலோ சேர்த்தால் அதிலுள்ள உயிர்ச்சத்து ஏ உடலிலே நன்கு சேரும். இறக்கியபின் தேசிக்காய் பிழிந்தால் இலையிலுள்ள இரும்பை உடல் கூடுதலாக ஏற்கும். பறித்த கீரை வெயிலிலே கிடந்தால் உயிர்ச்சத்து சி சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கும். சந்தைக்குப் போய் வாடிய கட்டைவிட, அடுப்பிலே உலை வைத்தபின் வேலியிலிருந்து ஒடித்த இலை எத்துணையோ மேலானது. பணம் கொடுத்து வாங்குபவருக்குக் கிடையாத இந்த வசதி உங்களுக்கு மாத்திரமே உண்டு.

பெரும்போக மழை தொடங்குமுன் முருங்கைத் தடிகளை நட்டுவிடுதல் நன்று. கைம்மணிக்கட்டின் பருமனும் ஒரு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் கொண்ட முற்றிய தடியைத் தெரிந்து, ஓரிரு நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் உலர்ந்தபின், ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு மண்ணை இறுக மிதித்துவிடுங்கள். அடியிலே நீர் தேங்கினால் தடி அழுகும். மேட்டு நிலமே ஏற்றது. குரக்கன், பயறு, கௌபி ஆகியவற்றின் நல்ல விதையையும் பழக்கன்றுகளையும் பற்றி உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் முன்கூட்டியே விசாரித்துப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மழை விழுந்தபின் கேட்போருக்குப் பெரும்பாலும் வெறுங்கூடையே மிஞ்சுகின்றது.